பெயரைப் பிடித்துப் பறவைக்குப் போவது: பெங்களூர்த் தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருக்கு வந்த முதல் வருடம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பழுதான தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார் என்று நினைப்பு. காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கும்: டொக், டொக், டொக். ஒரே தாளம், நிற்கவே நிற்காது. கடைசியில் பார்த்தால் எதிர்ப்பக்கத்து அத்திமரத்தின் உச்சியில், காய்ந்த கொப்பில், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய ஒரு பச்சைப் பறவை. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். செம்மார்புக் குக்குறுவான். கன்னார் செம்புக் குடம் தட்டுகிற ஓசைதான் அது. ஆங்கிலத்திலும் அதற்கு ‘காப்பர்ஸ்மித்’ என்றே பெயர்.

மோட்டார் பறவையான அன்றிலிருந்து பன்னிரண்டு வருடமாகிறது. இந்த ஊரில் பறவை பழக விரும்பும் தமிழர்கள், ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் சரி, மூன்று தலைமுறையாக அல்சூரில் இருப்பவர்களும் சரி, என்னிடம் கேட்கும் முதல் கேள்வி “எந்த கேமரா வாங்கணும்?” என்பது. கேமரா கடைசி. முதலில் வேண்டியது காது, அடுத்தது பெயர். அதுவும் நம் பெயர். தமிழ்ப் பறவைப் பெயர்களில் பெரும்பகுதி வெறும் பெயர் இல்லை, அடையாளக் குறிப்பு. நாமக்கோழி என்று சொன்னாலே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்லிவிட்டோம்.

முதல் இரண்டு வாரம்: தெருவைத் தாண்டாதீர்கள்

பால்கனியோ மொட்டை மாடியோ, ஒரு நாற்காலி போடுங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் இருபது நிமிடம் போதும். முதல் பத்து நிமிடம் பார்க்க முயலாமல் கேளுங்கள். எத்தனை விதமான சத்தம் என்று விரல் விட்டு எண்ணுங்கள். எது எந்தப் பறவை என்று தெரிய வேண்டியதில்லை. பெங்களூரில் மரமுள்ள எந்தத் தெருவிலும் ஆறேழு தேறும்.

அதில் ஒன்று நிச்சயமாக ‘குட்ரூ, குட்ரூ, குட்ரூ’ என்று மூச்சு விடாமல் சொல்லும் சின்னக் குக்குறுவானாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதையொட்டிய தென்னிந்தியக் குன்றுகளுக்கும் மட்டுமே உரிய பறவை இது. உலகில் வேறெங்கும் கிடையாது. அப்படிப்பட்டது இங்கே ஐடி கம்பெனி வளாகத்திலும் மருத்துவமனை வாசல் மரத்திலும் கத்திக்கொண்டிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், பழ மரம் நிறைந்த தோட்டங்கள் என்று இந்த ஊர் அதற்கு வசதியாக அமைந்துவிட்டது. சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. உடம்பு இலைப் பச்சை, தலை பழுப்பு, கன்னத்தில் வெள்ளை. காய்ந்த மரக்கிளையில் வட்டமாக ஒரு ஓட்டை தெரிந்தால் அங்கே கண் வையுங்கள், பெரும்பாலும் அதன் வீடு.

பிறகு குயில். கூவுவது ஆண், கன்னங்கரேல், கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடும். எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் “இது என்ன பருந்துக் குஞ்சா?” படங்களில் பாதி பெண் குயில்தான். அது கூவாது, ‘கிக் கிக் கிக்’ என்று பதறும். காக்கைக் கூட்டில் முட்டையிடுவதால் காக்கைகள் அதைத் துரத்தும் காட்சி மார்ச்சுக்குப் பிறகு அடிக்கடி கிடைக்கும்.

வானத்தைப் பார்த்தால் பருந்து. நாம் கண்டதையெல்லாம் கழுகு என்கிறோம். மார்க்கெட் பக்கமும் இறைச்சிக் கடைப் பக்கமும் வட்டமிடுவது கரும்பருந்து. வாலைப் பாருங்கள், மீன்வால் போல நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். வால் நுனி வட்டமாகவும், உடம்பு செங்காவியாகவும், தலை வெள்ளையாகவும் இருந்தால் செம்பருந்து, அதாவது பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன். இரண்டும் ஒரே ஏரியின் மேல் பறக்கும். வால் ஒன்றே போதும் பிரித்தறிய.

தெருவில் தேன்பழ மரம் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இங்குள்ளவர்கள் கசகசே மரம் என்பார்கள், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பறித்துத் தின்னும் சின்னச் சிவப்புப் பழம். அதில் கட்டை விரல் அளவுக்கு ஒரு பறவை ‘சிக், சிக்’ என்று ஓயாமல் தாவும். பூக்கொத்தி. செம்பருத்திப் பக்கம் வளைந்த மூக்கோடு வருவது தேன்சிட்டு. இரண்டும் ஒரே அளவு, மூக்குதான் வித்தியாசம்.

இந்த இரண்டு வாரத்தில் ஒரு வேலை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். சிட்டுக்குருவி, மைனா, காக்கை, பருந்து, இந்த நான்கின் அளவை மனதில் பதிய வையுங்கள். இவைதான் உங்கள் அளவுகோல். பிற்பாடு யாரிடமாவது ஒரு பறவையைப் பற்றிக் கேட்கும்போது “பச்சையா, அழகா இருந்துச்சு” என்றால் யாராலும் உதவ முடியாது. “மைனாவைவிடச் சின்னது, வாலை ஆட்டிக்கிட்டே தரையில நடந்துச்சு” என்றால் பாதி வேலை முடிந்தது.

பெயரே பாதிக் குறிப்பு

அந்த வாலை ஆட்டும் பறவைக்குப் பெயரும் வாலாட்டிதான். தண்ணீர்த் தொட்டி மேல் நின்று காலையில் பாடுவது வெள்ளைப்புருவ வாலாட்டி. வருடம் முழுக்க இங்கேயே இருக்கும், கறுப்பு வெள்ளை, கண்ணுக்கு மேல் பட்டையாகப் புருவம். செப்டம்பருக்குப் பிறகு சாக்கடை ஓரத்தில் வயிறு மஞ்சளாக ஒன்று வாலாட்டினால் அது வடக்கிலிருந்து வந்த விருந்தாளி.

இலையைத் தைத்துக் கூடு கட்டுவது தையல்சிட்டு. உடம்புக்குப் பொருந்தாத பெருங்குரல், வால் மேலே தூக்கியிருக்கும். அரிவாள் போல வளைந்த மூக்கு இருந்தால் அரிவாள் மூக்கன். கருப்பு அரிவாள் மூக்கன் இப்போது மொபைல் டவர் மேல்கூட நிற்கிறது. தவிட்டு நிறத்தில் ஏழெட்டு சேர்ந்து தரையைக் கிளறிக்கொண்டு ஒன்றையொன்று வைதுகொண்டிருந்தால் தவிட்டுக்குருவி. மாடு மேயும் இடத்தில் மாட்டின் காலடியிலேயே நடப்பது உண்ணிக்கொக்கு. ஆள் நடமாட்டம் கண்டதும் ஊரைக் கூட்டுவது ஆள்காட்டி.

குருட்டுக் கொக்கு என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏரிக்கரையில் மண் நிறத்தில், கூனிக்கொண்டு, நாம் பத்தடி நெருங்கும்வரை அசையாமல் இருக்கும். கண் தெரியாமல் இல்லை. தன் நிறம் தன்னை மறைக்கும் என்ற நம்பிக்கை. நம்பிக்கை உடைந்ததும் எழும், அப்போது சிறகு முழுக்க வெள்ளை. மண்ணாங்கட்டி திடீரென்று வெள்ளைத் துணியாகப் பறந்தால் அதுதான். மடையான் என்றும் இதைச் சொல்வார்கள்.

உழவாரன் என்ற பெயர் பழகியவுடன் வானம் மாறிவிடும். கோயிலில் புல் செதுக்கும் உழவாரம் போல வளைந்த சிறகு, மின் கம்பியில் ஒருபோதும் உட்காராது, மாலை நேரத்தில் அபார்ட்மென்ட்டைச் சுற்றிக் கீச்சிட்டுக்கொண்டே பறக்கும். கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான், உழவாரன் இல்லை.

கன்னடப் பெயர்களையும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். ஏரிக் காவலரிடமும் தோட்டக்காரரிடமும் பேச உதவும், தமிழனுக்கு அதில் தனி சுகமும் உண்டு. நம் செம்போத்து அங்கே கெம்பூத. செவி கிவி ஆவது போல, செம்மை கெம்பு ஆவது போல. காக்கையளவு உடம்பு, செங்கல் நிறச் சிறகு, ரத்தச் சிவப்புக் கண், புதருக்குள்ளிருந்து ‘ஊப் ஊப் ஊப்’ என்று பானைக்குள் பேசுவது போலக் குரல். மயிலைப் பார்த்துக் கெம்பூத சிறகு விரித்த கதை கன்னடத்தில் பழமொழி. நம் பக்கம் அந்தப் பழி வான்கோழி தலையில் விழுந்திருக்கிறது. நம் சிட்டுக்குருவி குப்பச்சி. கொக்கரே என்றால் கொக்கு, நாரை வகை. கடைசியில் நாம் போகப்போகும் ஊர்ப் பெயரில் அது வரும்.

தமிழ்ப் பெயரில் சிக்கலும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரே பறவைக்கு மாவட்டத்துக்கு ஒரு பெயர். கரிச்சான், இரட்டைவால் குருவி, வலியன் எல்லாம் ஒன்றுதான். புத்தகத்துக்காக அண்மையில் கோத்த பெயர்கள் சில வாயில் நுழையாது. அதனால் ஆங்கிலப் பெயரையும் நோட்டில் ஒரு ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது. ஆப்பில் தேட, பிறரோடு பேச வேண்டும் அல்லவா.

பைனாகுலர்: எதை வாங்குவது, எப்படிச் சரிசெய்வது

8x42 அல்லது 8x40. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு இன்னும் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கும், பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது கிளம்பிவிடும். நடைபாதையில் ‘ஐம்பது மடங்கு’ என்று விற்பதைத் தொடவே தொடாதீர்கள். நான் தொட்டிருக்கிறேன். நிலாவே இரண்டாகத் தெரிந்தது.

வாங்கியவர்களில் பலரும் சரிசெய்யாமலே மாதக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். முதலில் இரண்டு குழாய்களையும் மடக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும் அகலத்துக்குக் கொண்டு வாருங்கள். வலக்கண்ணை மூடி, தூரத்திலுள்ள பெயர்ப் பலகை எழுத்தை நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்குழியை ஒட்டிய வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனித் தொட வேண்டாம், உங்கள் கண்ணுக்கான அளவு அது. கண்ணாடி போட்டவர்கள் கண்குழி ரப்பரைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். கண் பறவை மேலேயே இருக்கட்டும், கை மட்டும் மேலே வரட்டும். வீட்டு மாடியில் எதிர்வீட்டுத் துணிக் கிளிப்பை வைத்துப் பழகுங்கள். (எதிர்வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, விளக்கம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.)

ஏரி: ஒன்றைப் பிடித்து, அதிலேயே ஒரு வருடம்

பெங்களூருக்குப் பெரிய ஆறு கிடையாது. மழைநீரைத் தேக்க மனிதர்கள் வெட்டிய கெரேக்கள், அதாவது ஏரிகள்தான், ஒன்று நிரம்பி ராஜகாலுவே என்ற பெருவாய்க்கால் வழியாக அடுத்ததற்குப் போகும் சங்கிலி. நம் ஊர் ஏரி, கலங்கல், வாய்க்கால் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. உங்கள் வீட்டுக்கு எது பக்கமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜக்கூர், ஹெப்பால், மடிவாளா, சர்ஜாபூர் சாலையில் கைகொண்டனஹள்ளி, நடுவில் அல்சூர். புட்டேனஹள்ளி போவதென்றால் கவனம், அந்தப் பெயரில் ஜே.பி.நகரில் ஒரு ஏரியும் எலஹங்காவில் ஒரு ஏரியும் உண்டு, ஊரின் இரண்டு முனை. விடிகாலை ஆட்டோவில் தவறான புட்டேனஹள்ளிக்குப் போய் இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. அங்கேயும் பறவை இருந்தது, நல்லவேளை. பல ஏரிகளின் வாசலைக் காலையிலும் மாலையிலும்தான் திறப்பார்கள், முந்தின நாளே நேரம் கேட்டுவிடுங்கள்.

ஏரியைத் தண்ணீர்ப் பரப்பாகப் பார்க்காமல் ஆழமாகப் பாருங்கள். கரையிலிருந்து நடு ஏரிவரை மனதுக்குள் கோடு போட்டால், ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு குடித்தனம்.

ஈரச் சேற்றில் ஆள்காட்டியும் வாலாட்டியும் உள்ளானும். கணுக்கால் அளவில் குருட்டுக் கொக்கு, சின்னக் கொக்கு. முழங்கால் அளவில் நீண்ட காலோடு சாம்பல் நாரை, உறுமீன் வரும்வரை கல்லாக நிற்கும். அங்கேயே சங்குவளை நாரை வேறு மாதிரி வேலை செய்யும்: மஞ்சள் மூக்கைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும், மீன் பட்டதும் மூக்கு பட்டென்று மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொட்டுப் பிடிப்பது. கலங்கிய நீரிலும் அதற்குச் சாப்பாடு கிடைப்பது அதனால்தான். வால் பக்கம் ரோஜா நிறச் சிறகு தொங்கும், அதை வெயில் படும்போது பாருங்கள்.

கோரைக்கும் சம்புக்கும் நடுவில் நீலமும் ஊதாவுமாக, சிவந்த மூக்கும் சிவந்த காலுமாகக் கோழி நடந்தால் நீலத் தாழைக்கோழி. தாமரை இலை மேல் மூழ்காமல் நடப்பது இலைக்கோழி, அதன் விரல் நீளத்தைப் பாருங்கள். திறந்த நீரில் கூட்டம் கூட்டமாகக் கறுப்பாக மிதப்பது நாமக்கோழி. நெற்றியிலிருந்து மூக்குவரை பளிச்சென்று வெள்ளை. வடகலையா தென்கலையா என்று கேட்ட நண்பர் ஒருவர் உண்டு. பந்து மாதிரி மிதந்துகொண்டிருந்து சட்டென்று காணாமல் போய், வேறெங்கோ முளைப்பது முக்குளிப்பான். அது எங்கே எழும் என்று குழந்தைகளோடு பந்தயம் கட்டுங்கள், ஏரிக்கு மறுபடி வர அவர்களே அடம்பிடிப்பார்கள்.

நடு ஏரிப் பாறையிலோ பட்ட மரத்திலோ சிறகை விரித்துக் காய வைப்பது நீர்க்காகம். அதன் இறகு நனைந்துவிடும், அதனால்தான் உள்ளே போக முடிகிறது, அதனால்தான் காயவும் வைக்க வேண்டும். ஒருநாள் கழுத்து மட்டும் நீருக்கு மேல் நெளிந்து போவதைப் பார்த்து நீர்க்காகம் என்று குறித்துக்கொண்டிருந்தேன். பரிசலில் வலை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர், தருமபுரிப் பக்கத்துக்காரர், என் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். “நீர்க்காக்கா இல்ல தம்பி, பாம்புத்தாரா. அது மீனைக் கவ்வாது, குத்தும். குத்தித் தூக்கிப் போட்டு முழுங்கும், பாருங்க.” கால் மணி நேரம் கழித்து அப்படியே செய்தது. அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எந்தப் புத்தகமும் எனக்கு உதவியதில்லை. ஏரியில் வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். வணக்கம் சொல்லி ஆரம்பித்தால் போதும், பாதிப் பேர் நம் பேச்சுதான்.

பெரிய பையோடு மூக்குள்ள கூழைக்கடா ஜக்கூரிலும் ஹெப்பாலிலும் சாதாரணம். நாலைந்து சேர்ந்து அரைவட்டம் கட்டி மீனைக் கரைப் பக்கம் ஓட்டும்.

இந்த ஆழக் கணக்கு தெரிந்தால் இன்னொன்றும் புரியும். ஏரியை ‘அழகுபடுத்துகிறோம்’ என்று கிண்ணம் போலச் சுற்றிலும் செங்குத்தாகத் தோண்டிக் கரை கட்டிவிட்டால், சேறும் கணுக்கால் ஆழமும் போய்விடும். தண்ணீர் பளபளக்கும், நடைபாதை ஜோராக இருக்கும், நாமக்கோழியும் நீர்க்காகமும் மட்டும் மிஞ்சும். ஒரு ஏரியை இரண்டு மழைக்காலம் தொடர்ந்து பார்த்தவருக்கு இது கண்ணில் உறுத்தும்.

நோட்டும் ஆப்பும்

சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று. தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா, எந்தப் பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘பஞ்சுருட்டான் 3’ என்பதைவிட ‘பஞ்சுருட்டான் 3, கம்பியிலிருந்து பாய்ந்து தேனீ பிடித்து, கம்பியில் அடித்துத் தின்றது’ என்று எழுதியது பத்து வருடம் கழித்தும் அந்தக் காலையைக் கொண்டு வரும். தெரியாத பறவையை மோசமாகவாவது வரையுங்கள். வரையும்போதுதான் காலின் நிறத்தைப் பார்க்கவே இல்லை என்று தெரியும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் ஆப், சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். இந்தியாவுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டால் ஏரியில் நெட் இல்லாமலும் ஓடும். அது சொல்வதைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள், அக்கம்பக்கத்தார் துப்புக் கொடுப்பது மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். சில்க் போர்டு சந்திப்பின் வண்டிச் சத்தத்தில் அதற்குப் பைத்தியம் பிடிக்கும். பெயர் சொன்னதும் தலையைத் தூக்கித் தேடி, கண்ணால் கண்ட பிறகே நோட்டில் ஏற்றுங்கள்.

அதே ஆய்வகத்தின் இ-பேர்டில் உங்கள் பட்டியலைப் பதிவு செய்யலாம். பதினைந்து நிமிடமாவது பார்த்து, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும், காக்கை மைனா உட்பட, எழுத வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதினால் அது பெருமைப் பட்டியல், ஆய்வுக்கு உதவாது. தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கலுக்கு எப்படியும் ஓசூர் வழியாக ஊருக்குத்தான் போகப் போகிறோம். கொல்லைப்புறத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எழுதி அனுப்பலாம்.

தனியாகப் பழகுவது அலுத்தால் லால்பாக். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை கண்ணாடி மாளிகைப் பக்கம் பறவை பார்ப்பவர்கள் கூடும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மூத்தவர்கள் பின்னாலேயே நடந்தால் போதும். மரப்பொந்தில் உட்கார்ந்து பகலில் நம்மை முறைக்கும் புள்ளி ஆந்தையை எங்கே பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

யார் எப்போது வருவார்கள்

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் காலை மரங்களிலிருந்து ‘சிவீ, சிவீ’ என்று புதிய குரல் கேட்கும். வேப்பங்கொழுந்து அளவுள்ள இலைக்கதிர்க்குருவி, இமயமலையையும் தாண்டிய பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. ஏப்ரல்வரை அந்தக் குரல் நிற்காது. நான் இதை வைத்துத்தான் பருவம் பார்க்கிறேன், காலண்டரை அல்ல.

அக்டோபரில் வருவது ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். குட்டை வால், பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. ஒரே பறவையில் இத்தனை நிறம் எதற்கு என்று தோன்றும். கோடையில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வரும். களைத்துப்போய் அபார்ட்மென்ட் கண்ணாடியில் மோதிப் பால்கனியில் விழுவது இந்த மாதத்தில் நடக்கும். விழுந்து கிடந்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், போட்டோ எடுக்கக் கூட்டம் கூட்டாதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் மெல்ல வைத்து மூடி, இருட்டில், சத்தமில்லாத அறையில் ஓரிரண்டு மணி நேரம். தெளிந்து உள்ளே துள்ளினால், புதரோரம் பெட்டியைத் திறந்துவிட்டு விலகிப் போங்கள். சிறகு தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ கெங்கேரியில் வனவிலங்குகளுக்கான மருத்துவமனை இருக்கிறது, அங்கே பேசிவிடுங்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை ஏரிகளில் வாத்து வகைகள். கரண்டி மூக்கோடு தண்ணீரைச் சலித்துக்கொண்டே போகும் தட்டைவாயன், கண் மேல் வெள்ளைப் பிறை கொண்ட நீலச்சிறகி, நேர்த்தியான ஊசிவால் வாத்து. இந்த மாதங்களில் விடுமுறையை வீட்டுக்குள் கழிக்காதீர்கள்.

ஜனவரி முதல் மார்ச்வரை முள்ளிலவு பூக்கும். இலையில்லாத மரம், சிவப்புக் கிண்ணப் பூ, ஒவ்வொன்றிலும் ஒரு பறவை: மைனா, கரிச்சான், குக்குறுவான், ஐரோப்பியக் கிழக்கிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வந்த சோளப்பட்சிக் கூட்டம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடச் சுலபமான வகுப்பறை கிடையாது. மரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றால் பன்னிரண்டு வகை தேறும், மறைக்க ஒரு இலை இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் அக்காக்குயில். ஒவ்வொரு முறையும் சுருதி ஏறிக்கொண்டே போகும், இரவிலும் விடாது. பார்க்க வல்லூறு போலவே இருப்பதால் சின்னப் பறவைகள் பயந்து கத்தும். முட்டையிடுவது தவிட்டுக்குருவிக் கூட்டில். மழை தொடங்கினால் ஏரியோர ஈச்ச மரங்களில் தூக்கணாங்குருவி கூடு பின்ன ஆரம்பிக்கும்.

செய்யக் கூடாதவை

பறவையின் குரலை போனில் போட்டு வரவழைக்காதீர்கள். எல்லையில் எதிரி வந்துவிட்டான் என்று அது சாப்பாட்டை விட்டுச் சண்டைக்கு அலையும். கூட்டருகே போகாதீர்கள், கூட்டின் இடத்தைப் படத்தோடு பரப்பாதீர்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஜோசியத்துக்கானாலும் சரி. புறாவுக்குச் சோளம் கொட்டுவது புண்ணியம் என்று என் மாமியாரே சொல்வார். அவரிடம் வாதாடுவதில்லை, சோளத்தை ஒளித்து வைக்கிறேன்.

ஊருக்கு வெளியே

தெருவும் ஏரியும் பழகி அறுபது, எழுபது வகை கைக்கு வந்த பிறகு போங்கள். அதற்கு முன் போனால் எல்லாம் புதிதாக இருந்து ஒன்றும் மனதில் நிற்காது.

நந்தி மலை, 1478 மீட்டர். பாறையும் புதருமான சரிவில் மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர வேறெங்கும் இல்லாதது. மேலே மரத்தோப்பில், மேற்கு மலைகளை விட்டுத் தனியாகப் பிரிந்து வாழும் நீலகிரிக் காட்டுப்புறா. வார இறுதியில் சூரிய உதயம் பார்க்க வரும் பைக் கூட்டத்தில் மாட்டாதீர்கள், செவ்வாய், புதன் மாதிரி நாளில் ஒரு லீவு போடுங்கள்.

ஹெசரகட்டா புல்வெளி குளிர்காலத்துக்கு. வெற்று நிலம் என்று தோன்றும். அரை மணி பொறுத்தால் புல்லின் தலையைத் தடவுவது போலத் தாழப் பறக்கும் பூனைப்பருந்து வரும், நடு ஆசியாவிலிருந்து வந்தது. ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நிற்பது கருந்தோள் பருந்து. கம்பியில் மங்கலாக உட்கார்ந்திருந்து, பறந்தவுடன் சிறகில் நீலம் கொட்டினால் பனங்காடை. கர்நாடகத்தின் மாநிலப் பறவை, இங்கே நீலகண்டம். தனியாகப் போகாதீர்கள், தெருநாய்கள் உண்டு, நிழல் கிடையாது.

ராமநகரத்தின் பாறை மலைகளில் ராமதேவர பெட்டா, 2012-இல் பாறுகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்த பறவைக்குப் பாறு என்ற பழைய பெயர் இருக்கிறது. இங்குள்ளது கருங்கழுத்துப் பாறு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி, செத்த மாட்டின் வழியாக இவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்கக் கொன்றது. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். இங்கே மிஞ்சியவை மிகச் சில. ஒருநாள் முழுக்க நின்று ஒன்றுகூடக் காணாமல் திரும்பவும் தயாராகப் போங்கள். நான் மூன்றாவது முறைதான் பார்த்தேன், அதுவும் பாறை இடுக்கில் வெள்ளையடித்த மாதிரி எச்சம், அதன் மேல் ஒரு நிழல்.

கடைசியாக, ஏமாற்றவே ஏமாற்றாத இடம்: மண்டியா மாவட்டத்தில் மத்தூரை அடுத்த கொக்கரே பெள்ளூர், சுமார் 80 கிலோமீட்டர். ஊர்ப் பெயரிலேயே கொக்கு. சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் காட்டில் அல்ல, தெருவோரப் புளியமரங்களில், வீடுகளுக்கு மேலே கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றைப் பிறந்த வீட்டுக்கு வரும் மகள் மாதிரி நடத்துகிறார்கள், எச்சத்தை வயலுக்கு எருவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போனால் கூழைக்கடாக் குஞ்சுகள் தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீன் எடுப்பதைப் பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம். யார் வீட்டுத் திண்ணையிலாவது கேட்டுக்கொண்டு உட்காருங்கள், மோர் வரும். மத்தூர் வடையைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். தொப்பி கட்டாயம். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.